முதல் வெல்டிங் மெஷின்: முன்னாடி இருக்கிற நம்பரை விடுங்க, பின்னாடி இருக்கிற தகடை படிங்க

வெல்டிங் கத்துக்கணும்னு ஆசை வந்ததும் எல்லாரும் முதல்ல கேக்குறது எத்தனை ஆம்ப்ஸ் மெஷின் வாங்கலாம்னு தான். அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்துக்கு நீங்களே பதில் சொல்லிக்கணும். எவ்வளவு தடிமன் இரும்பை பத்த வைக்கப் போறீங்க, மெஷினை எந்த பிளக்ல சொருகப் போறீங்க. இது ரெண்டும் தெளிவா இருந்தா கடைக்காரர் என்ன சொன்னாலும் குழம்ப மாட்டீங்க, இல்லன்னா பெட்டி மேல பெருசா போட்டிருக்கிற நம்பரை பாத்து ஏமாந்துடுவீங்க.

நான் ஏமாந்தேன். முதல்ல வாங்கினது முன்பக்கம் 250னு கொட்டை எழுத்துல போட்டிருந்த ஒரு சின்ன இன்வெர்ட்டர், அதாவது எலக்ட்ரானிக் போர்டு வெச்ச வெல்டிங் மெஷின். 250 இருக்கே, 4 எம்எம் ராடு தாராளமா ஓடும்னு நெனச்சு மாட்டினா ராடு திணறுது, நாப்பை முழுசா திருப்பியும் அதே கதை தான். சரி 3.15 ராடாவது ஓட்டலாம்னு 110ல வெச்சு வரிசையா நாலு அஞ்சு ராடு ஓட்டினா மஞ்சள் லைட் எரிஞ்சு மெஷின் நின்னுடும், ஃபேன் மட்டும் ஓடிட்டு இருக்கும். ஒரு வாரம் கழிச்சு பின்பக்கம் ஒட்டியிருந்த தகடை டார்ச் அடிச்சு படிச்சப்ப தான் தெரிஞ்சது, அதிகபட்சமே 140 ஆம்ப்ஸ், அதுவும் 30 சதவீத டியூட்டி சைக்கிள்ல, அதாவது 10 நிமிஷத்துல 3 நிமிஷம் தான் ஓட்டலாம். உண்மை அந்த தகடுல முதல் நாள்லேர்ந்து இருந்திருக்கு, நான் தான் படிக்கல. இந்த கட்டுரையில மத்த எதை மறந்தாலும் அந்த தகடை படிக்கிற விஷயத்தை மறந்துடாதீங்க.

எந்த வகை மெஷின்?

நாலு வகை உங்க காதுல விழும். ராடு வெச்சு பண்றது ஸ்டிக் வெல்டிங், நாம சாதாரணமா ஆர்க் வெல்டிங்னு சொல்றது. வயர் தானா ஓடி வந்து கேஸோட பத்துறது மிக், பட்டறைல நிறைய பேர் சிஓ2 வெல்டிங்னு சொல்வாங்க. அதே மாதிரி வயர் ஓடும் ஆனா கேஸ் சிலிண்டர் வேணாம், வயருக்குள்ளயே ஃப்ளக்ஸ், அதாவது வெல்டை காத்துலேர்ந்து காப்பாத்துற பொடி இருக்கும்னா அது கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோர். டங்ஸ்டன் ஊசி வெச்சு ஆர்க் பிடிச்சு இன்னொரு கையில ஃபில்லர் கம்பி கொடுக்கிறது டிக்.

என் கருத்து, 2 எம்எம்முக்கு மேல இருக்கிற சாதா இரும்பு, அதாவது ஆங்கிள், ஃப்ளாட், கேட், ஸ்டாண்டு, டேபிள் கால் இந்த மாதிரி வேலைன்னா கண்ண மூடிட்டு ஸ்டிக் மெஷின் வாங்குங்க. சிலிண்டர் வேணாம், வெளில காத்து அடிச்சாலும் வேலை நடக்கும், கொஞ்சம் துரு பெயிண்ட் இருந்தாலும் ராடு சமாளிச்சுக்கும், ராடு மட்டும் மாத்தினா வார்ப்பிரும்பு, ஸ்டெயின்லெஸ் வரைக்கும் கை வைக்கலாம். கத்துக்க கொஞ்சம் நாள் ஆகும், கை நடுங்கும், ராடு ஒட்டிக்கும், ஆனா ராடுல கை பழகினவங்களுக்கு மத்ததெல்லாம் சீக்கிரம் வந்துடும்.

உங்க வேலை முக்கால்வாசி 1 எம்எம், 1.2 எம்எம் தகடு, வண்டி பாடி, மெல்லிசான சதுர பைப் இப்படின்னா கதை வேற. அங்க ராடு வெச்சா ஓட்டை விழுந்துட்டே இருக்கும், ஓட்டையை அடைக்கப் போய் பெரிய ஓட்டை ஆகும், புதுசா கத்துக்கிறவங்களுக்கு மனசே விட்டுப் போயிடும். அதுக்கு மிக் தான் சரி, 0.8 எம்எம் வயர், ஆர்கான் கலந்த கேஸ். ஆனா காத்து அடிக்கிற இடத்துல கேஸ் பறந்துடும், வெல்டு முழுக்க புள்ளிப் புள்ளியா ஓட்டை வரும், அதனால மிக்னா மறைவான இடம் வேணும். ஃப்ளக்ஸ் கோர் வயர்னா காத்துக்கு கவலை இல்ல, ஆனா பொறியும் புகையும் அதிகம். முக்கியமா ஒண்ணு, கேஸ் வயருக்கு டார்ச் பாசிட்டிவ்ல இருக்கணும், கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோர் வயருக்கு பெரும்பாலும் டார்ச் நெகட்டிவ்ல இருக்கணும். போலாரிட்டி மாத்த வசதி இல்லாத மெஷின்னா ரெண்டுல ஒரு வயர் தான் ஒழுங்கா ஓடும், வாங்கும்போதே மூடியை திறந்து பாத்துடுங்க.

டிக் ரொம்ப அழகான வேலை, ஆனா முதல் மெஷினா வேணாம். அலுமினியம் பத்த வைக்கணும்னு ஆசைப்பட்டு டிக் வாங்குறவங்க இன்னொன்னும் கவனிங்க, டிசி மட்டும் இருக்கிற டிக் மெஷின்ல அலுமினியம் சரியா வராது, அது மேல இருக்கிற ஆக்சைடு படலத்தை உடைக்க ஏசி வேணும். இன்வெர்ட்டர் ஸ்டிக் மெஷின்லயே லிஃப்ட் டிக் (ஊசியை இரும்புல தொட்டு தூக்கி ஆர்க் பிடிக்கிறது) வசதி நிறைய வருது, அது இருந்தா பின்னாடி ஒரு வால்வ் டார்ச்சும் ஆர்கான் சிலிண்டரும் சேத்து ஸ்டெயின்லெஸ்ல பழகிக்கலாம், இல்லன்னாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது.

டிரான்ஸ்ஃபார்மரா இன்வெர்ட்டரா?

பழைய செம்புக் காயில் டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் யானை மாதிரி, ரெண்டு பேர் தூக்கணும், ஆனா வருஷக் கணக்கா அடிச்சாலும் தாங்கும். அது பெரும்பாலும் ஏசி கொடுக்கும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல ஏசி ஒரு செகண்டுக்கு 100 தடவை சைபரைத் தொட்டுட்டு வரும், அப்பல்லாம் ஆர்க் அணையப் பாக்கும், அதான் ஏசியில கை பழகாதவங்களுக்கு ராடு அடிக்கடி ஒட்டிக்குது. இன்வெர்ட்டர் டிசி கொடுக்கும், ஆர்க் ஒரே சீரா நிக்கும், ஒரு கையில தூக்கிட்டு போயிடலாம், வீட்டு லைன்ல இழுக்கிற கரண்டும் கம்மி. புதுசா கத்துக்கிறவங்களுக்கு டிசி இன்வெர்ட்டர் தான்னு நான் தயங்காம சொல்வேன்.

இன்வெர்ட்டருக்கு எதிரி இரும்புத் தூள். பக்கத்துலயே கிரைண்டர் ஓட்டினா அந்தத் தூளை ஃபேன் உள்ள இழுத்து போர்டு மேல படிய விடும், இரும்புத் தூள் கரண்டை கடத்தும், ஒரு நாள் பட்டுனு போர்டு போயிடும். கிரைண்டர் பொறி மெஷின் பக்கம் போகாம வெச்சுக்கங்க, மாசம் ஒரு தடவை பிளக்கை கழட்டிட்டு மெதுவா காத்து அடிச்சு சுத்தம் பண்ணுங்க.

தகடை எப்படி படிக்கிறது

இப்ப முக்கியமான இடம். மெஷினை திருப்புங்க, பின்னாடியோ அடியிலயோ ஒரு தகடு இல்ல ஸ்டிக்கர் இருக்கும். தகடே இல்லாத மெஷினை அங்கயே வெச்சுட்டு வந்துடுங்க.

அதுல எக்ஸ்னு ஒரு வரி இருக்கும், அது தான் டியூட்டி சைக்கிள், 10 நிமிஷக் கணக்கு. பக்கத்துல ஐ2னு இருக்கிறது வெல்டிங் ஆம்ப்ஸ். 160 ஆம்ப்ஸ் 60 சதவீதம்னா 160ல 6 நிமிஷம் ஓட்டலாம், 4 நிமிஷம் ஆற விடணும். இந்தக் கணக்கு சாதாரணமா 40 டிகிரி சூட்டுல போட்டது, சில மெஷின்ல 20 டிகிரியில டெஸ்ட் பண்ணிட்டு பெரிய சதவீதமா போட்டிருப்பாங்க, அதையும் பாருங்க. 100 சதவீதத்துக்கு நேரா என்ன ஆம்ப்ஸ்னு இருக்கோ அது தான் நிக்காம ஓடக்கூடிய அளவு. என்னோட பழைய மெஷின்ல அந்த இடத்துல 77னு இருந்தது, முன்னாடி 250.

அடுத்து யூ2, அதாவது அந்த ஆம்ப்ஸ் ஓடும்போது இருக்க வேண்டிய வோல்ட்டேஜ். ஸ்டிக்குக்கு இதுல ஒரு நிலையான கணக்கு உண்டு, ஆம்ப்ஸை 0.04ஆல பெருக்கி 20ஐ கூட்டுங்க. 160க்கு 26.4 வோல்ட், 200க்கு 28 வோல்ட். தகடுல 200 ஆம்ப்ஸ்னு போட்டு யூ2 அதுக்கு பொருந்தாம இருந்தா அந்த தகடை எழுதினவங்களுக்கே விஷயம் தெரியலன்னு அர்த்தம், மத்த நம்பரை மட்டும் எப்படி நம்புறது?

இதே கணக்கை வெச்சு இன்னொரு சோதனையும் பண்ணலாம். 200 ஆம்ப்ஸ் பெருக்கல் 28 வோல்ட் 5600 வாட்ஸ், இது ராடு நுனியில வர்றது மட்டும், உள்ள சூடா போறது தனி. 230 வோல்ட்ல 16 ஆம்ப்ஸ் சாக்கெட் கொடுக்கிறதே 3680 வாட்ஸ் தான். அப்ப அந்த சாக்கெட்ல சொருகி 200 ஆம்ப்ஸ் நிதானமா ஓட்டவே முடியாது, யார் என்ன சொன்னாலும் சரி. சாதா இன்வெர்ட்டர்ல பவர் ஃபேக்டரும் கம்மி, அதாவது இழுக்கிற கரண்ட் முழுசும் வேலைக்கு ஆகாது, எல்லாம் கழிச்சுப் பாத்தா 16 ஆம்ப்ஸ் சாக்கெட்ல நிம்மதியா தொடர்ந்து ஓடுறது சுமார் 90, 100 ஆம்ப்ஸ். 2.5 ராடுக்கு அது தாராளம், 3.15க்கு ஏதோ சமாளிக்கலாம், 4க்கு கனவு காண வேணாம். தகடுல ஐ1 மேக்ஸ், ஐ1 எஃபெக்டிவ்னு ரெண்டு இருக்கும், முதல்ல இருக்கிறது உச்சத்துல இழுக்கிறது, ரெண்டாவது சராசரியா வயருக்கு வர்ற பாரம், எலக்ட்ரீஷியன் கிட்ட இந்த ரெண்டு நம்பரையும் காட்டினீங்கன்னா எந்த எம்சிபி, எந்த வயர்னு அவரே சொல்லிடுவார். எர்த் இல்லாத பிளக்ல மட்டும் சொருகவே சொருகாதீங்க. எக்ஸ்டென்ஷன் வயர் போடணும்னா 2.5 ஸ்கொயர் எம்எம்முக்கு குறையாம, டிரம்ல சுத்தி இருந்தா முழுசா பிரிச்சு விட்டுட்டு தான் ஓட்டணும், சுத்தி வெச்ச வயர் சூடாகி இன்சுலேஷன் உருகும்.

யூ0ன்னு இருக்கிறது ராடு தொடாம சும்மா இருக்கும்போது ஹோல்டர்ல நிக்கிற வோல்ட்டேஜ். ஸ்டிக் மெஷின்ல 60லேர்ந்து 80 வரைக்கும் சகஜம், கூட இருந்தா ஆர்க் சுலபமா பிடிக்கும். ஆனா வேர்த்து நனைஞ்ச உடம்போட ஈரத் தரையில நிக்கிறவங்களுக்கு அதே வோல்ட்டேஜ் ஆபத்து, விஆர்டிங்கிற வோல்ட்டேஜ் குறைக்கிற வசதி இருக்கிற மெஷின் சும்மா இருக்கும்போது அதை நல்லா குறைச்சு வெச்சிருக்கும். ஈரமான இடத்துல வேலைன்னா விஆர்டி இருக்கிறதையே எடுங்க.

ஆம்ப்ஸும் ராடும்

சாதா இரும்புக்கு தோராயமா ஒரு எம்எம் தடிமனுக்கு 40 ஆம்ப்ஸ்னு வெச்சுக்கலாம், 3 எம்எம்முக்கு 120. தடிமன் கூடக் கூட அப்படியே ஏத்திட்டு போகத் தேவையில்ல, ஓரத்தை கிரைண்டர்ல சரிவா தேய்ச்சு ரெண்டு மூணு ஓட்டம் போட்டா போதும். ராடு பக்கம் பாத்தா 2.5க்கு 60லேர்ந்து 90, 3.15க்கு 90லேர்ந்து 130, 4க்கு 140லேர்ந்து 180. ராடு பாக்கெட் மேலயே எழுதியிருக்கும், அதை தான் கடைசியா நம்பணும். இதை வெச்சு பாத்தா நிஜமாவே 160 கொடுக்கிற மெஷின் கத்துக்கிறவங்களோட முதல் சில வருஷத்துக்கு போதும், நிஜ 200னா ரொம்ப நாளைக்கு போதும்.

முதல் ராடு 6013 வாங்குங்க, 2.5 எம்எம். ஏசி டிசி ரெண்டுலயும் ஓடும், ஆர்க் ஈஸியா பிடிக்கும், ராடு பூச்சு உருகி வெல்டு மேல படியிற கசடு நல்லா உரியும். அந்த 60ங்கிறது ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்ட் இழுவைன்னு அர்த்தம், அதுக்கு அடுத்த 1 எல்லா பொசிஷன்லயும் ஓட்டலாம்னு சொல்லுது. 7018 இன்னும் பலமானது, ஆனா ஈரம் பட்டா கெட்டுடும், டின் திறந்தா சூடா வெச்சிருக்கணும், அதை பின்னாடி பாத்துக்கலாம். 6010 ஓட்டணும்னா மட்டும் மெஷின் அதுக்கு ஒத்து வருமான்னு எழுத்துல பாருங்க, விலை கம்மி இன்வெர்ட்டர் நிறையல அந்த ராடு பிடிச்ச உடனே அணைஞ்சுடும்.

மெஷின்ல மூணு வசதி இருந்தா நல்லது. ஹாட் ஸ்டார்ட், ராடு தொடும்போது ஒரு நொடி கரண்டை ஏத்தி விடும். ஆர்க் ஃபோர்ஸ், ராடு கிட்ட போய் அமுங்கப் பாக்கும்போது கரண்டை கூட்டி ஒட்டாம காப்பாத்தும். ஆன்ட்டி ஸ்டிக், மீறி ஒட்டிக்கிட்டா கரண்டை வெட்டிடும், ராடு செவக்காம ஆட்டி எடுத்துடலாம். டிஸ்ப்ளேல கலர் கலரா ஓடுறதுக்கெல்லாம் காசு கொடுக்க வேணாம்.

கேபிளைப் பாருங்க, ஓட்டிப் பாருங்க

மெஷினோட வர்ற கேபிள் தான் நிறைய இடத்துல கோட்டை விடுற இடம். வெளில செம்பு கலர்ல இருக்கும், நுனியில ஒரு இழையை பிளேடால சுரண்டினா உள்ள வெள்ளையா இருந்தா அது செம்பு பூசின அலுமினியம், சீக்கிரம் சூடாகும், கனெக்டர் கிட்ட கருகும். 160 ஆம்ப்ஸுக்கு நல்ல செம்புல 16 ஸ்கொயர் எம்எம்மாவது வேணும், நீளமா வேணும்னா 25. எர்த் க்ளாம்ப்போட ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பாருங்க, மெல்லிசு தகரத்துல இருந்தா அதை மாத்திட்டு தான் வேலையை ஆரம்பிக்கணும், ஆர்க் விட்டு விட்டு வருதுன்னு புலம்புற பாதி பேருக்கு பிரச்சனை மெஷின்ல இருக்காது, க்ளாம்ப் பெயிண்ட் மேல கவ்விட்டு இருக்கும்.

கடையில ஓட்டிப் பாக்க விட்டா கட்டாயம் ஓட்டுங்க. 5 எம்எம் தகடு, 2.5 எம்எம் 6013, மெஷினை 80ல வெச்சுட்டு தீக்குச்சி உரசுற மாதிரி ராடை உரசி லேசா தூக்குங்க, ராடு தடிமன் அளவுக்கு தான் இடைவெளி இருக்கணும். நல்ல மெஷின்னா தகரக் கூரையில மழை அடிக்கிற மாதிரி ஒரே சத்தம் விடாம வரும், விட்டு விட்டு வெடிச்சா ஒண்ணு உங்க கை தூக்குது இல்ல மெஷின் திணறுது, அதனால கூட பழகின ஒருத்தரை கூட்டிட்டு போய் அவரையும் ஓட்டச் சொல்லுங்க. கண்ணாடிக்குள்ள பாத்தீங்கன்னா ராடு நுனிக்கு கீழ பளபளன்னு ஒரு சின்ன குளம், அதுக்கு பின்னாடி கொஞ்சம் மங்கலா கசடு மிதந்து வரும். குளம் எது கசடு எதுன்னு கண்ணுக்கு பிரிஞ்சு தெரியிற அன்னைக்கு தான் வெல்டிங் புரிய ஆரம்பிக்கும், அது வரைக்கும் வெளிச்சத்தை தான் பாத்துட்டு இருப்பீங்க. ஆறினதும் சிப்பிங் சுத்தியலால தட்டினா கசடு பாளமா கழண்டு வரணும். வெல்டு கயிறு மாதிரி மேல குவிஞ்சு நின்னா கரண்ட் கம்மி, ரெண்டு ஓரத்துலயும் பள்ளம் அரிச்சிருந்தா கரண்ட் ஜாஸ்தி.

பழைய மெஷின் வாங்குறதா இருந்தா கனெக்டர் ஓட்டையில கருகல் இருக்கா, ஃபேன் ஓடுதா, மூடியை திறந்தா எரிஞ்ச வாடை வருதான்னு பாருங்க. செகண்ட் ஹேண்ட் டிரான்ஸ்ஃபார்மரை நான் தைரியமா எடுப்பேன், செம்புக் காயில்தானான்னு மட்டும் பாத்துட்டு. செகண்ட் ஹேண்ட் இன்வெர்ட்டரை உள்ள பிரிச்சு ரிப்பேர் பண்ணினது தெரிஞ்சா எடுக்க மாட்டேன்.

மெஷினுக்கே மொத்த காசையும் போட்டுடாதீங்க

இது கெஞ்சியே சொல்றேன். ஹெல்மெட், கையுறை, கிரைண்டர், வயர் பிரஷ், நாலஞ்சு க்ளாம்ப், ராடு ரெண்டு பாக்கெட், இதுக்கு காசு ஒதுக்கிட்டு மிச்சத்துல மெஷினைத் தேடுங்க. ஒரு படி சின்ன மெஷினும் நல்ல ஹெல்மெட்டும் எடுத்தவங்க தான் சீக்கிரம் கத்துக்குறாங்க, ஏன்னா அவங்களுக்கு குளம் தெரியுது. ஆட்டோ டார்க் ஹெல்மெட்ல ஷேட், அதாவது கண்ணாடியோட கருமை அளவை 9லேர்ந்து 13 வரைக்கும் மாத்த முடியணும், 100 ஆம்ப்ஸ் பக்கம் ஷேட் 10 இல்ல 11 சரியா இருக்கும். கூலிங் கிளாஸ் போட்டு பாத்துக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ஆர்க்கை வெறும் கண்ணால பாத்தா அப்ப ஒண்ணும் தெரியாது, சில மணி நேரம் கழிச்சு ராத்திரியில கண்ணுக்குள்ள மணல் அள்ளி போட்ட மாதிரி எரியும், தூங்கவே முடியாது. பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்குற குழந்தைக்கும் அதே தான், முதல்ல அவங்களை உள்ள அனுப்புங்க.

முழுக்கை காட்டன் சட்டை, தோல் கையுறை, மூடின ஷூ. பாலியஸ்டர் துணி பொறி பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும். ஜிஐ பைப்னா மேல இருக்கிற துத்தநாகப் பூச்சை தேய்ச்சு எடுத்துட்டு, காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க, அந்த வெள்ளைப் புகையை இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். குளோரின் இருக்கிற பிரேக் கிளீனர் அடிச்சு துடைச்ச இரும்பை பத்த வைக்கவே வைக்காதீங்க, அதோட ஆவி ஆர்க்ல பட்டா பாஸ்ஜீன்னு உயிரை எடுக்கிற வாயு உண்டாகும். மூடின டிரம், பழைய பெட்ரோல் டேங்க், காலியா இருந்தாலும் தொடாதீங்க, வெடிக்கும். பேஸ்மேக்கர் வெச்சிருக்கிறவங்க டாக்டரை கேக்காம மெஷின் பக்கத்துல வர வேணாம். வேலை முடிஞ்சும் அரை மணி நேரம், முடிஞ்சா ஒரு மணி நேரம் அந்த இடத்துலயே இருங்க, மரத்தூள்லயோ துணியிலயோ விழுந்த பொறி சத்தமில்லாம புகைஞ்சு பின்னாடி தான் பிடிக்கும்.

மெஷின் வீட்டுக்கு வந்துடுச்சா? திருப்பிக் கொடுக்கிற நாள் முடியறதுக்குள்ள ஒரு சோதனை பண்ணிடுங்க. டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டர் ஒண்ணு கடன் வாங்கி வெல்டிங் கேபிள்ல மாட்டிட்டு, இன்னொருத்தரை மீட்டர் பாக்கச் சொல்லிட்டு 2.5 ராடை 80ல ஓட்டுங்க. மீட்டர் 80 பக்கத்துல காட்டணும், 60 தான் காட்டுதுன்னா டிஸ்ப்ளே பொய் சொல்லுது. அப்புறம் 3.15ஐ தகடுல 60 சதவீதத்துக்கு நேரா இருக்கிற ஆம்ப்ஸ்ல வெச்சு, அது ராடு பாக்கெட்ல சொன்ன அளவைத் தாண்டினா பாக்கெட் அளவுலயே நிறுத்தி, ஒரு ராடு முடிஞ்சதும் அடுத்தது மாட்டி, 10 நிமிஷத்துல 6 நிமிஷம் ஆர்க் எரியிற மாதிரி ஓட்டுங்க. அதுக்குள்ள மஞ்சள் லைட் எரிஞ்சா மணியை குறிச்சுக்கிட்டு, லைட் எரியிறதையும் தகடையும் சேத்து வீடியோ எடுத்துட்டு, மறுநாளே மெஷினை பெட்டியோட கொண்டு போய் திருப்பிக் கொடுங்க.